சொன்னால் பலிக்காத பொடி

அப்பா பூ மார்க்கெட்டில் மயங்கி விழுந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டாவது முறையாக அவர் கண்கள் செருகத் தொடங்கின.

முதல் முறை நாங்கள் பக்கத்தில் இல்லை. ஏலம் நடக்கும்போது பிச்சிப்பூ மூட்டையின் மேல் சரிந்தாராம். பக்கத்துக் கடை சுடலைமணி அண்ணாச்சி 108-ஐக் கூப்பிட்டு, தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். அம்மாவும் நானும் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அப்பாவுக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை முப்பத்தாறுதான் இருந்ததாம். யாரும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பெயர்கூடக் கேட்காமல் அவரைக் காப்பாற்றத் தொடங்கியிருந்தார்கள்.

கண் திறந்ததும் அப்பா கேட்டார். "பிச்சி என்ன விலைக்குப் போச்சு?"

"உம்ம உசுரே போகப் பாத்துச்சு, பூவைக் கேக்கீராவே?" என்றார் அண்ணாச்சி.

நர்ஸ் மகபூப் பீவி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

அண்ணாச்சி கடையைப் பார்க்கப் போன பிறகு அப்பாவுக்கு மறுபடி வியர்த்தது. பேச்சு குழறியது. டாக்டர் ஜெஸ்லின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஊசி போட்டபடியே கேட்டார்.

"இவர் சாப்பிடுத மாத்திரைக்கு சர்க்கரை இப்படி இறங்காதே. வேற எதுவும் எடுக்காரா? நாட்டு மருந்தா இருந்தாலும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். தெரிஞ்சாத்தான் எவ்வளவு நேரத்துக்கு இது திரும்பத் திரும்ப இறங்கும்னு கணக்குப் போட முடியும். விட்டா கோமாவுக்குப் போயிருவார்."

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அம்மா. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

சிவகிரிப் பக்கம் ஒருவர் சர்க்கரைக்குப் பொடி தருகிறார். வெளியே சொன்னால் பலிக்காது என்று எரியும் சூடத்தை அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தருவார். அப்பாவின் கால் புண் ஆறியது அதனால்தான் என்பது அம்மாவின் நம்பிக்கை. சொன்னால் புண் திரும்பும், காலை எடுக்க வேண்டிவரும் என்று பயந்தாள்.

நான் வேதியியல் படித்தவள். வாயைத் திறப்பதால் எந்தப் பொடியும் மாறாது என்று தெரியும். ஆனால் கல்லூரி வைவாவில்கூட எனக்குக் குரல் எழும்பியதில்லை. அம்மாவை எதிர்த்து நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை.

மகபூப் பீவி அப்பாவின் நெற்றியைத் துடைத்தார். மறுபடி வியர்த்தது. மறுபடி துடைத்தார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமில்லாமல். முன்பின் தெரியாத இரண்டு பேர் என் அப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வாய் அசைவதை அம்மா பார்த்துவிட்டாள். "ஏட்டி, பேசாம இரு."

"பொறவு ஏசிக்கோம்மா."

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டேன்.

"மேடம், அப்பா மூணு மாசமா சர்க்கரைக்கு ஒரு பொடி திங்காங்க. கால் வலிக்குன்னு இன்னைக்கு ரெண்டு பங்கு தின்னுட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போனாங்க."