பாண்டிமீனா நடந்து வந்தாள்

காலண்டர் அச்சகத்தில் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். அன்று ஓட்டியது மொபெட். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் வழியில் நின்ற ஆடுகள் இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒதுங்குகின்றன. அப்படி ஒரு வேகம்.

காரணம் எதிர்வீட்டு ஓவியா. கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. வருமானச் சான்றிதழே மத்தியானம்தான் கைக்கு வந்தது. இ-சேவை மையத்தில் எல்லாம் நிரப்பியாயிற்று, ஓடிபி மட்டும் பாக்கி. அது வருவது அவள் அம்மா பாண்டிமீனாவின் போனுக்கு. போனோ அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி கேட்டில், அணைத்துப் போட்ட பெட்டிக்குள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் போன் போகக் கூடாது.

"இது இல்லேன்னா நாளைக்கு நானும் அம்மாகூட கம்பெனி வேன்ல வேலைக்கு ஏறிருவேன் தாத்தா" என்றாள் ஓவியா. அழவில்லை. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

கேட்டில் வாட்ச்மேன் கருப்பணன். எமனே வந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவான்.

"பாண்டிமீனா போனக் குடுப்பா. பிள்ளை படிப்பு."

"ஆளு வராம குடுக்க மாட்டேன். நீங்க எந்தக் கம்பெனிக்கு வேவு பாக்கீகளோ!"

"எழுபது வயசுல என்னைய எவன்யா வேவுக்கு வைப்பான்? அவளக் கூப்பிடு, வெரசா!"

"கூப்பிடுறேன். ஆனா ஓடி வரச் சொல்ல மாட்டேன்."

பட்டாசு ஆலைக்குள் ஓடக் கூடாது. ஒருத்தி ஓடினால், எங்கோ தீ என்று அத்தனை பேரும் ஓடுவார்கள்.

கடைசி அறையிலிருந்து பாண்டிமீனா வெளியே வந்தாள். உடம்பெல்லாம் அலுமினியத் தூள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"மாமா! பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல தாயி! ஓடிபி வேணும். அஞ்சு அடிக்கப் போகுது!"

அவள் கால் துள்ளி எழுந்தது. அறை வாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. எழுந்த காலை அப்படியே மெல்லக் கீழே வைத்தாள். பிறகு நடந்தாள். திருவிழாத் தேர்கூட அதைவிடச் சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும். நடுவில் தொட்டியில் கையும் கழுவினாள். நான் பிடித்திருந்த கேட்டுக் கம்பி நெளிந்தேபோனது. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

போனை வாங்கிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போனோம். அது உயிர் பெறுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. என் போனில் ஓவியாவைப் பிடித்தேன். "இப்ப அனுப்பச் சொல்லு!"

டிங்கென்றது. பாண்டிமீனா எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.

"சுத்துது தாத்தா... இன்னும் சுத்துது..."

பாண்டிமீனா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிருச்சு! விண்ணப்ப எண் வந்துருச்சு!"

பாண்டிமீனா போனை அணைத்துக் கருப்பணனிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

"ஏத்தா, ஓடாத!" என்று கத்தினான் அவன்.

"ஓடலண்ணே."

பொய்யில்லை. ஓடுவதற்குக் கால் தரையில் பட வேண்டாமா?