முதல் கரண்டி அப்பாவுக்கு

அப்பாவுக்கு வாசம் தெரியாமல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவருக்கு மூக்கு செத்துப்போவது, லாரி டிரைவருக்குக் கண் போவது மாதிரி. எதிலாவது போய் மோதும்வரை வெளியே தெரியாது.

வைகாசியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. மறு வாரம், அம்மா வெளியே போயிருந்த நேரத்தில், அடுப்பில் பால் தீய்ந்து அந்த வாடை மாடிவரை வந்தது. நான் இறங்கி ஓடினால், அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால் காய்ந்துவிட்டதா பார் என்று என்னிடம் சொன்னார். அன்றைக்கே பிடித்துவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லாதே, ஸ்டான்லிக்குத் தெரியவே கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஸ்டான்லி மாமா அம்மாவின் தம்பி. தூத்துக்குடியில் இருக்கிறார். மலையிலிருந்து வரும் காயை நாங்கள் வாங்கித் தரம் பிரித்து அனுப்புவோம். அவர் அதை வெளியூருக்கு விற்பார். கடையில் பாதி அவருடையது. விஷயம் தெரிந்தால், அத்தான் வீட்டில் உட்காரட்டும், மருமகன் கடையில் உட்காரட்டும் என்பார். மருமகன் என்றால் நான்தான்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். முப்பத்தோரு வருடமாக அப்பா அதில் உட்கார்ந்து, மலையிலிருந்து காய் கொண்டுவரும் குரங்கணிக்காரர் சொல்லும் விலைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். நாற்காலியில் அவர் உட்கார்ந்த இடம் பள்ளமாகிவிட்டது. எனக்கு வேறு திட்டம் இருந்ததா என்றால், இல்லை. சென்னையில் மூன்று வருடம் ராத்திரி வேலை பார்த்தேன். அமெரிக்காவில் யார் வீட்டு ஃப்ரீசர் கெட்டுப்போனாலும் எனக்குத்தான் போன் வரும். ஒரு நாள், ஒரு அம்மாள் லைனில் இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பிறகு தூங்குவதைத் தவிர பெரிதாக எதுவும் செய்ய ஆசைப்படவில்லை.

ஆக, அப்பாவைக் காப்பாற்றினேன். பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏற்பாடு எளிமையானது. மூட்டை வந்ததும் நான்தான் அவிழ்ப்பேன். ஒரு கை அள்ளி, ஒரு காயைப் பிளந்து மோந்து பார்ப்பேன். ஒருமுறை இருமினால் நல்ல காய். இரண்டுமுறை இருமினால் வாசம் போன காய். அப்பா அதன்பிறகு கையில் அள்ளி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து, தீர்ப்பு சொல்வார். என்னைவிட அவர் மோந்து பார்ப்பதுதான் பார்க்க நன்றாக இருக்கும். கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பையனை டாக்டரிடம் காட்டுங்கள் என்று, காய் கொண்டுவரும் சிலமலைப் பெரியகருப்பன் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

பிரச்சினை கிறிஸ்துமஸுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கேக்கை விட ஐஸ்கிரீம் முக்கியம். அம்மா எட்டு லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுவாள். அந்தப் பருவத்தின் முதல் தரக் காயை உரித்து, விதையைச் சர்க்கரையோடு இடித்துப் போட்டு, முந்திரி சேர்த்து உறைய வைப்பாள். பாதி உறைந்ததும் எடுத்து மிக்சியில் அடித்து மறுபடியும் வைக்க வேண்டும். இப்படி இரண்டு தடவை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெபம் பண்ணி, முதல் கரண்டியை அப்பா வாயில் வைத்து வாசம் எப்படி என்று சொல்வார். அவர் சொன்னபிறகுதான் மற்றவர்களுக்குக் கிண்ணம். மாமா அதற்காகவே வருடா வருடம் வருவார். இந்த வருடம் அத்தை பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் தனியாக வந்தார்.

முதல் கரண்டிக்கும் இருமல்தான் என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். எனக்கு ஒரு கரண்டி முன்னாலேயே ருசி பார்க்கக் கிடைத்துவிடும், கஷ்டமில்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டாம் தேதி காய் உலர்த்தும் வீடு ஒன்றைப் பார்க்க அப்பா என்னைக் குரங்கணிக்குத் திறந்த ஜீப்பில் அனுப்பினார். பனி. இறங்கி வரும்போது மூக்கு இரண்டும் அடைத்துவிட்டது. இருமல் தானாக வர ஆரம்பித்தது. இருபத்து மூன்றாம் தேதி கடையில் அப்பா நான் இருமிய இருமலுக்கெல்லாம் கணக்குப் போட்டு ஒரே மூட்டையை மூன்று தடவை நல்ல காய் என்றும் இரண்டு தடவை கெட்ட காய் என்றும் சொன்னார். சீக்கிரம் கடையைப் பூட்டிவிட்டோம்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் அம்மாவும் தங்கை ஷெர்லினும் கோயிலில் ஜோடனை வேலைக்குப் போய்விட்டார்கள். ஃப்ரீசர் விஷயம் எனக்குத் தெரியும் என்பதால் ஐஸ்கிரீமை என் பொறுப்பில் விட்டுப் போனார்கள். ஃப்ரீசர் கீழே குடோனில் காய் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. இரண்டாவது தடவை அடித்ததும் ஐஸ்கிரீம் பொங்கிக்கொண்டு நின்றது. எவர்சில்வர் போணிப் பாத்திரத்துக்கு மூடி உட்காரவில்லை. மூடாமலே வைத்தேன்.

ஐந்து மணிக்கு மாமா காரில் வந்து இறங்கினார். தினத்தந்தியில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். வஞ்சிரமும் இறாலும், கடற்கரையிலேயே வாங்கியது, உங்கம்மாவுக்குப் பிடிக்கும் என்றார். வாங்கி, இருந்த ஒரே இடத்தில், போணிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மூன்று வருடம், தினமும் ஐம்பது பேரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. அம்மா, உங்கள் ஃப்ரீசரில் மீனையும் பால் பொருளையும் மூடாமல் ஒன்றாக வைத்திருக்கிறீர்களா. என்னிடம் கேட்க அன்றைக்கு யாரும் இல்லை.

மறுநாள் காலை ஆராதனை முடிந்து வந்ததும் மீனை வெளியே எடுத்து ஒரு வாளியில் போட்டுக் குடோனிலேயே வைத்தேன். ராத்திரிக்குப் பொரிக்கலாம் என்று மாமா சொல்லியிருந்தார். மேலே பிரியாணி வாசம் மற்றவர்களுக்கு வந்ததாம்.

சாப்பிட்டு முடித்தோம். ஜெபம் முடிந்தது. குடோனிலிருந்து நான் தூக்கி வந்த போணியை அம்மா மேசையில் வைத்தாள். ருசி பார்க்கிற சாக்கில் முன்னாலேயே ஒரு வாய் எடுத்திருந்தேன். குளிர்ச்சி, இனிப்பு. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அப்பா கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இருமக் கூடாது, யோசித்துச் செய்யலாம் என்று நினைத்தேன். தொண்டை கேட்கவில்லை. ஒரே ஒரு இருமல் வந்தது.

அப்பா கண்ணை மூடினார்.

"முப்பது வருஷத்துல இப்படி ஒரு வாசம் வந்ததில்ல," என்றார்.

மாமா கிண்ணத்தை வாங்கி நாலு கரண்டி அடுத்தடுத்துத் தின்றுவிட்டு, அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னொரு கிண்ணம் கேட்டார். அம்மா ஒரு வாய் வைத்தவள், முழுங்காமல் சுவரில் மாட்டியிருந்த இயேசுவைப் பார்த்தாள். எட்டு லிட்டர் பாலையும் எங்கே கெடுத்தோம் என்று அவள் கணக்குப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

ஷெர்லின் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இதுல மீன் வாடை வருது."

"முத்துன காய்க்கு அப்படி ஒரு குணம் உண்டும்மா," என்றார் அப்பா, கொஞ்சமும் அசையாமல்.

மலைமேல் விளைகிற காய்க்கு லேசாக அந்த வாடை இருக்கத்தான் செய்யும், அதுதான் தரம் என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். இரண்டு வியாபாரிகள் சொல்கிறார்கள் என்று அம்மா பாதி நம்பிவிட்டாள். கஷ்டப்பட்டு முழுங்கினாள்.

ஷெர்லின் எழுந்து கீழே போனாள். திரும்பி வரும்போது துப்பட்டாவால் மூக்கைக் கட்டியிருந்தாள். கையை நீட்டி, உடம்பிலிருந்து தூரமாக, வாளியைப் பிடித்திருந்தாள். அதைக் கொண்டுவந்து மேசை நடுவில், அப்பாவுக்கும் மாமாவுக்கும் இடையில் வைத்தாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

நாங்கள் மூன்று பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மாமா கரண்டியை நக்கினார்.

"அண்ணனுக்குச் சளி," என்றாள் ஷெர்லின். "உங்க ரெண்டு பேருக்கும் என்ன?"

அவளே தொடர்ந்தாள். இது நேற்று வாங்கியபோதே கெட்டுப்போன மீன், இதோடு நாலு மணி நேரம் கண்ணாடி ஏற்றிய காரில் மாமா எப்படி உட்கார்ந்து வந்தார் என்று கேட்டாள்.

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். வஞ்சிரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ரெண்டு வருஷமாச்சு அத்தான்."

அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது பார்த்திருந்தால் உண்டு. தன் கதையை முழுவதும் சொன்னார். வைகாசிக் காய்ச்சல், தீய்ந்த பால் எல்லாம். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். நிறுத்தவில்லை.

பிறகு இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். நீங்கள் பார்த்து அனுப்பியது சரியாக இருக்கும் என்று நான் மூட்டையைப் பிரிப்பதே இல்லை என்றார் மாமா. நீ ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் காய் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன் என்றார் அப்பா. அம்மா ஜன்னலிலிருந்தபடியே, ரெண்டு செத்த மூக்கை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

"அதான் எனக்கும் புரியல அக்கா," என்றார் மாமா. "கடைசி ஏழு மாசத்து லோடு மாதிரி எப்பவும் வந்ததில்லன்னு வாங்குறவங்க சொல்றாங்க. ஒரு மூட்டை திரும்பி வரல. அத்தான் மூக்கு நல்லா இருந்த காலத்துலகூட வருஷத்துக்கு நாலு வரும்."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவரைப் பார்த்து மாமா திரும்பினார். ஷெர்லின் துப்பட்டாவை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

நாற்காலி வேண்டாம் என்பதற்காகத்தான் ஏழு மாதமாக ஒரு மூட்டை விடாமல் மோந்து பார்த்தேன். ஒரு கெட்ட காயை விட்டால் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று அத்தனை கவனம். அந்த வேலையை இவ்வளவு ஒழுங்காக நான் செய்திருக்கக் கூடாது. சென்னையில் ஒருநாள்கூட அப்படி வேலை பார்த்ததில்லை.

"ஜனவரி ஒண்ணு நல்ல நாளா பாருங்க அத்தான்," என்றார் மாமா. நான் எனக்குத் தூக்கம் முக்கியம் என்றேன். கடையை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவோமே, ராத்திரி முழுக்கத் தூங்கலாமே மருமகனே என்றார். தூங்க ராத்திரி என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மீனையும் ஐஸ்கிரீமையும் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். இனிப்பில்லாமல் கிறிஸ்துமஸ் முடியக் கூடாது என்று அம்மா அவசரமாக அடுப்பைப் பற்றவைத்துச் சேமியா பாயசம் காய்ச்சினாள். இறக்குகிற நேரத்தில் அப்பா வழக்கம்போல அடுப்படி வாசலுக்குப் போய் நின்றார். அம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, அவரைத் தாண்டி, என்னிடம் நீட்டினாள்.

"ஏலக்கா போதுமா பாரு."

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஆவி சூடாக முகத்தில் அடித்தது. வேறொன்றும் வரவில்லை. அப்பா, மாமா, ஷெர்லின் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தேன்.

"இன்னும் ரெண்டு காய் தட்டிப் போடு," என்றேன்.

அம்மா மறுபேச்சில்லாமல் போட்டாள்.