பள்ளிக்கூட வாசலில் குவான் இம்

புக்கிட் மேராவை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் அத்தாப்பு ஓலைக் கூரைகள் பற்றி எரிந்தபோது, பக்கத்து வீட்டு லியான் ஓடிவந்து, தான் கும்பிடும் சீனப் பெண்தெய்வம் குவான் இம்மின் சிலையைத் தங்கத்தின் கையில் திணித்தாள். கொஞ்சம் பிடித்துக்கொள், மாமியாரைக் கூட்டிவருகிறேன் என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் புகைக்குள் திரும்பி ஓடினாள்.

மறுநாள் காலைவரை அவள் வரவில்லை.

வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். தங்கம் சிலையைச் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். முழங்கை நீள வெண்கலம். சேலை விலகினால் தங்க முலாம் பளிச்சிட்டது. பார்த்த சீனர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். திருடியதென்று நினைக்கிறார்களோ என்று அவள் சேலையை இழுத்து மூடினாள். ஒரு போலீஸ்காரர் வந்து ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடச் சொன்னார். ஒப்படைத்தால், லியான் செத்துப்போனாள் என்று தானே சொல்வதாகிவிடும். அவள் தலையாட்டி மறுத்தாள்.

துறைமுக வேலையிலிருந்து வந்த கணவன் மருதப்பன், சிராங்கூன் ரோட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"நான் போயிட்டா அவ எங்க வந்து தேடுவா?" என்றாள் தங்கம்.

சொல்லிவிட்டு எழுந்தாள். ஒரு மேசையை வாசலுக்கு இழுத்துப்போட்டு, சேலையைப் பிரித்து, சிலையை எல்லாரும் பார்க்க நிறுத்தினாள். யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினால் என்ன செய்வது என்று ஒரு கையால் அதன் பாதத்தைப் பிடித்தபடியே நின்றாள். சீனப் பெண்கள் வந்து கைகூப்பினார்கள். வந்தவர்களிடமெல்லாம் லியானைப் பற்றி விசாரித்தாள்.

மதியம் ஒருத்தி, பார்வை மங்கிய கிழவியைக் கைபிடித்து அழைத்துவந்தாள். கிழவி சிலையின் முகத்தைத் தடவினாள். "லியான்?" என்றாள்.

லியானின் மாமியார்தான்; கூட்டிவந்தவளிடம் தங்கம் விவரம் கேட்டாள். தீ பரவும் முன்பே யாரோ கிழவியை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். அப்படியானால் லியான் ஓடியது ஆளில்லாத வீட்டுக்குள்.

"ஆஸ்பத்திரியில போய்ப் பாருங்க," என்றாள் கணவனிடம்.

அவன் திரும்பும்வரை கிழவி தங்கத்தின் மணிக்கட்டை விடவே இல்லை. வெயில் சாயும் நேரத்தில் மருதப்பன் வேகவேகமாக வந்தான்.

"இருக்கா. கால்லதான் தீக்காயம். டாக்சி நிக்குது, அந்தம்மாவையும் கூட்டிட்டு வா."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் லியான் சிலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமியாரின் முகத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு தங்கள் ஹொக்கியன் மொழியில் திட்டித் திட்டி அழுதாள். தங்கம் சிலையை அலமாரிமேல் வைத்துவிட்டு, மரத்துப்போன கையை மெல்ல உதறிக்கொண்டாள்.