பெட்ரோலுக்குச் செம்புக் குழாய்

அகிலாவின் கோபத்துக்கு மானகிரியில் நல்ல பெயர் கிடையாது. அந்தப் பெண் வாயைத் திறந்தால் பட்டறைக் கூரை பறக்கும் என்பார்கள். ஏன் திறக்கிறாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. பட்டறை அவளும் அண்ணன் சிவபிரகாஷும் சேர்ந்து நடத்துவது. பாடி கட்டுவது, வெல்டிங், பெயிண்ட் எல்லாம் அவன் பாடு. என்ஜினும் ஒயரிங்கும் அவள் பாடு. ஆனால் வாடிக்கையாளர் வந்துவிட்டால் பேசுவது அவன் ஒருத்தன்தான். "எல்லாம் நான் பாத்துப் பாத்துச் செஞ்சதுண்ணே" என்று அவன் கூசாமல் சொல்லும்போது, அவள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

நாராயண் செட்டியாரின் வண்டி ஐந்து மாதமாக அங்கே நின்றது. பழைய ஜீப் சட்டத்தின் மேல், அந்தக் காலத்துக் கார் மாதிரி ஃபைபர் பாடி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அதில்தான் என்று செட்டியார் முடிவு செய்திருந்தார். ஓட்டப்போவது சிவபிரகாஷ். ஜீப்பின் கிழட்டு என்ஜின் உதவாது என்று, மோதி நொறுங்கிய ஒரு காரின் என்ஜினை வாங்கி மாட்டினார்கள். வம்பு அங்கே பிறந்தது. பழையது கார்புரேட்டர்; பெட்ரோல் சும்மா வழிந்து போனால் போதும். புதியது இன்ஜெக்‌ஷன், பத்து மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளியாக வேண்டும்.

சாமான்களை அகிலாதான் தேர்ந்தெடுத்தாள். டேங்குக்குள் உட்காரும் பம்ப், அதற்கென்று தனி ரிலே, தனி ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர். எல்லாம் கிடைத்தது, அந்த அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் ஓஸ் மட்டும் லேசில் கிடைக்கவில்லை. "எல்லா ஓஸும் ஓஸ்தாம்மா" என்றார் மதுரைக் கடைக்காரர். "அப்ப உங்க வண்டியில மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, ஓஸின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கி வந்தாள்.

மாட்டி முடித்ததும் சிவபிரகாஷ் முகம் சுளித்தான். "கருப்பா, செத்த பாம்பு மாதிரி கெடக்கு. செட்டியார் அண்ணன் பானட்டைத் திறந்து சொந்தக்காரகளுக்குக் காட்டுவாக."

"காட்டட்டும். என்ஜின் ஆடும், சட்டம் ஆடாது. நடுவுல வளையிற சாமான்தான் இருக்கணும். விறைப்பா எதை வச்சாலும் ஒடிஞ்சு போகும்ணே."

தலையை ஆட்டினான். எருமை மாட்டின் மேல் மழை பெய்தது. அவன் கை பழகியது அப்பாவின் நகைப் பட்டறையில். ஊதுகுழலும் பற்றுவைப்பும் அவனுக்கு அத்துப்படி. மெருகு ஏறாத எதையும் பார்க்கச் சகிக்காது. அந்தக் கை வேறு எப்படிப் போகும்?

பூஜை அன்று அகிலா காரைக்குடிக்குப் போயிருந்தாள், கூடுதலாக ஒரு ரிலே வாங்க. அவள் வந்த பிறகுதான் பூஜை என்று பேச்சு. ராகுகாலம் வந்துவிடும் என்று செட்டியாரின் மனைவி தேனம்மை ஆச்சி அவசரப்படுத்த, அகிலாவை யார் நினைத்தார்கள்? அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பானட் அகலத் திறந்திருந்தது. செட்டியார் கற்பூரத் தட்டை ஏந்தி, என்ஜினுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் பெட்ரோல் வாடை வந்தது. அப்புறம் அவள் கண்ணில் அது பட்டது. ஓஸ் இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு செம்புக் குழாய், மூன்று இடத்தில் அழகாக வளைந்து, தாலிச் சங்கிலிக்குப் பற்றுவைத்தது போல நறுவிசாகப் பற்றுவைத்து நின்றது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியிருந்தான் அண்ணன்.

ஓடினாள். செட்டியாரின் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, வாசல் மணல் குவியலில் கவிழ்த்து, மேலே மணலை வாரிக் கொட்டினாள்.

"அடிப் பாவி! கல்யாண வண்டிக்கு ஏத்துன கற்பூரத்தை அமத்திட்டாளே!" ஆச்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?" சிவபிரகாஷ் பாய்ந்து வந்தான். "காலையில அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தேன். ஒரு சொட்டு ஒழுகலை!"

"ஓட்டுனதுலதான் விரிசல் விட்டிருக்கு. மூக்கு இருக்கா உனக்கு? மாலை வாசத்துல அது தெரியலையாக்கும்." அவள் தீயணைப்பானைக் கையில் எடுத்தாள். "ஆச்சி, எல்லாரும் ரோட்டுக்கு அங்குட்டுப் போங்க. அண்ணே, நீ சாவியை ஒரு திருகு மட்டும் திருகு. ஸ்டார்ட் பண்ணிராத."

அவளைப் பொய்யாக்கிவிடும் வேகத்தில் அவன் ஏறித் திருகினான். பம்ப் ஓடும் முனகல் கேட்டது. குழாயின் நடுவில் பற்றுவைத்த இடத்திலிருந்து பெட்ரோல் மெல்லிய புகையாய்ப் பீறிட்டு என்ஜினை நனைத்தது. செட்டியார் தட்டோடு நின்ற தரையையும் நனைத்தது. அவள் பேட்டரி ஒயரைக் கழற்றி எறிந்தாள்.

செட்டியார் தன் வேட்டி நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிதான் காப்பாத்துச்சு" என்றார் ஆச்சி.

"ஆமா ஆச்சி. சாமிதான்" என்றான் சிவபிரகாஷ்.

அதுவரை வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்று அகிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. குழாயை மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். இதை எப்படி மன்னிக்க?

"சாமி ஓடி வரலை. நான் ஓடி வந்தேன்" என்றாள். "ஓஸைக் கழத்துனதும் சாமி இல்லை. யாருன்னு சொல்லு."

"உள்ள போயிப் பேசுவோம்."

"இங்க. இவுக முன்னாடி. தினம் நான் நான்னு சொல்லுவியே, இப்பச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். பெட்ரோல் அவன் செருப்பு வரைக்கும் வந்திருந்தது. "நாந்தான்" என்றான். "தங்கச்சி ஓஸுதான் வேணும்னு சொன்னுச்சு. இல்லாதப்ப நான் மாத்திப்புட்டேன். பாக்க நல்லா இருக்கும்னு."

செட்டியார் பெருமூச்சு விட்டார். பழக்கதோஷம், அவனிடமே கேட்டார். "அப்ப இதுல மாப்பிள்ளையை நம்பி ஏத்தலாமா தம்பி?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். வழக்கமான பதில் நாக்கின் நுனி வரை வந்ததை அகிலா பார்த்தாள். அவன் அதை விழுங்கினான்.

"எனக்குத் தெரியாதுண்ணே. தங்கச்சியைக் கேளுங்க."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் செட்டியார் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அந்த 'அம்மா'வும் அவளுக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

"ஏத்தக் கூடாது" என்றாள். "நான் சொல்ற வரைக்கும்."