முள்வேலி அரசியின் சட்டைக்கை

ராஜலிங்கம் பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும் சின்னக் கத்தியின் நுனியால் பொம்மையின் சட்டைக்கையை அக்குளருகே தூக்கி, கண்ணில் மாட்டியிருந்த உருப்பெருக்கிக்கு நேரே கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மேசையில் வெளிச்சம் நேராக விழுவது அந்த ஒரு மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு பக்கத்து மாடிக் கட்டடம் அதை எடுத்துக்கொள்ளும். எதிரில் அவர் மனைவி கமலாசனி, மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், படம் எடுக்கும் கைப்பேசியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி நின்றாள்.

"பாருங்க. இன்சுக்குப் பதினெட்டுத் தையல். எண்ணிட்டேன்," என்றார் கைப்பேசியிடம். "கைக்குப் போட்டிருக்கிற வலைத்துணி, உள்பாவாடையில இருக்கிற அதே துணி. அதே சாயம். இப்ப இந்தப் பாவாடையப் பாருங்க. வழக்கமா மூணு அடுக்கு இருக்கும். இதில ரெண்டுதான். கைக்குப் போன துணிய கொம்பனி பாவாடையில குறைச்சிருக்கு. கணக்கு சரியா வருது. இது யாரோ வீட்டுல ஒட்டுப் போட்டதில்ல. இது வேற பதிப்பு."

பிறகு, "ஒரு குறை இருக்கு," என்றார். பொம்மையின் கையை மேலே தூக்கினார். தோளுக்குக் கொஞ்சம் மேலே போனதும் துணி இழுத்து நிறுத்தியது. "அக்குள்ல இழுக்குது. அதனால பத்துக்கு ஒன்பது."

பொம்மை பதினொரு அங்குல உயரம். 'மாயவனத்து மகள்கள்' என்ற தொடரில் வந்த முள்வேலி அரசி. பழைய கதைகளில் வரும் அரசகுமாரிகளை இன்றைய நாகரிக உடுப்பில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்து யாரோ செய்தது. கடல்வேந்தன் மகளுக்கு மீன்செதில் பாவாடை. அன்னமாய் மாறியவளுக்கு இறகு வைத்த குட்டைச் சட்டை. முள்வேலி அரசிக்குக் கரும்பச்சைக் கவுன். படங்களில் எல்லாம் அவள் தோள் வெறுமையாகத்தான் இருக்கும். ராஜலிங்கத்தின் கையில் இருந்தவளுக்கோ மணிக்கட்டுவரை சட்டைக்கை, கழுத்துவரை மூடிய மேற்பாகம்.

கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு பல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. பொய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நிறம் சேர்ப்பவர். வெற்றிலை போடுகிறவரின் பல்லுக்கு எவ்வளவு பழுப்பு வேண்டும் என்பது வாயைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். அந்தக் கண்ணைத்தான் பொம்மைகள்மேல் வைத்தார். உதட்டுச் சாயம் மயிரளவு விலகியிருந்தாலும் சொல்லிவிடுவார். முடி நட்ட இடத்தில் சொட்டை இருந்தால் சொல்லிவிடுவார். சிறுவயதில் பொம்மை கிடைக்காத ஏக்கம் என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்கு எரிச்சல் வரும். சிறுவயதில் சைக்கிளும்தான் கிடைக்கவில்லை. அவர் சைக்கிள் சேர்க்கவில்லையே. நன்றாகச் செய்த சின்ன முகம் ஒன்றைப் பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆய்வகத்தில் ஆரம்பத்தில் சிரித்தார்கள். பொம்மைகளைப் பற்றிய அவருடைய வீடியோச் சனலைப் பார்க்கிறவர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியதும் தங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பொம்மை வாங்கலாம் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த ஞாயிறு போட்ட விமர்சனம் அவரே எதிர்பாராத தூரம் போயிற்று. இந்தத் தொடரைச் சேர்ப்பவர்கள் இணையத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எந்த வருடம் என்ன வந்தது, எத்தனை வகை என்று எல்லாம் அதில் இருக்கும். புதன்கிழமை அந்தப் பட்டியலில் ஒரு வரி கூடியது: முள்வேலி அரசி, கைவைத்த பதிப்பு. முதலில் இனங்கண்டவர்: ராஜலிங்கம், கண்டி. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்ததைக் கமலாசனியிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒஸ்லோவிலிருந்து இராசமணி எழுதினாள். சாவகச்சேரியில் பிறந்து நோர்வேயில் ஆஸ்பத்திரித் தாதியாக இருப்பவள், தொடரில் அநேகமாக எல்லாவற்றையும் சேர்த்தவள். அவளிடம் கண்ணாடிமலைக்காரி பொம்மைகள் இரண்டு இருந்தன. ஒன்றைத் தருகிறேன், கைவைத்தவளைத் தருவீர்களா என்று கேட்டிருந்தாள். கண்ணாடிமலைக்காரி முதல் வருடத்தோடு நின்றுபோனவள். ஒன்பது வருடமாக அவர் தேடியும் கண்ணில் படாதவள். அலுமாரியின் மூன்றாம் தட்டில் அவளுக்கென்று விட்ட இடம் அப்படியே இருந்தது. கமலாசனி அங்கே ஒருநாள் மாத்திரைப் பெட்டியை வைத்தபோது மட்டும்தான் அவர் அவளோடு குரலை உயர்த்தியிருந்தார்.

சரி என்று பதில் போட்டார். அந்தச் சனிக்கிழமை ஆய்வகத்தில் அரைநாள். இன்னும் ஒன்றிரண்டு கிடைத்தால் தனக்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று, அவளை வாங்கிய கடைக்குப் போக மடவளை பஸ் ஏறினார்.

மஹ்மூதின் விளையாட்டுச் சாமான் கடை பள்ளிவாசலைத் தாண்டி இரண்டாவது வளைவில். வெளிநாட்டுக் கடைகளில் விற்காமல் திரும்பிய சரக்கை மொத்தமாக எடுப்பவர். கப்பலில் இடம் மிச்சம் பிடிக்கப் பெட்டிகளை எறிந்துவிட்டு வெறும் பொம்மைகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். ராஜலிங்கத்தின் அலுமாரியில் பாதி அந்த மூட்டைகளிலிருந்து வந்தது.

"வாங்க தம்பி. டீவியில வாரவர் போல ஆகிட்டீங்க," என்றார் மஹ்மூத், கதிரையை இழுத்துப் போட்டு. "ஒங்கட வீடியோவுக்குப் பொறகு மூணு பேர் ஃபோன் கோல் எடுத்தாங்க."

"நாநா, அந்தப் பச்சைக் கவுன், கை வச்சது. இன்னும் இருக்குங்களா?"

"ஈக்கிதே. எந்தக் கலர்ல கை வேணும்?"

ராஜலிங்கம் முதலில் அதை ஒரு வியாபாரியின் பேச்சென்று எடுத்துக்கொண்டார். "அதே பச்சைதான்."

"பச்ச தச்சி வெச்சது முடிஞ்சி. வெள்ளண்டாலும் போடலாம். றமீலா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "வெள்ள வல ஈக்கிதா? தம்பிக்கு ரெண்டு கை போடணும்."

கடைக்குப் பின்னால் ஒரு அறை. திரையை விலக்கிக்கொண்டு மஹ்மூதின் தங்கை எட்டிப் பார்த்தாள். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவு நாடா. விரலில் ஊசி குத்தாமல் போடும் தையல் குப்பி. அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறைய முள்வேலி அரசிகள் வெறும் தோள்களோடு ஒருவர்மேல் ஒருவராய்க் கிடந்தார்கள்.

ராஜலிங்கம் பேசினைப் பார்த்தார். பிறகு தையல் குப்பியைப் பார்த்தார். அவர் மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள் அல்ல. புரிந்துவிட்டது. ஆனாலும் வாய் பழக்கத்தில் பேசியது.

"இது ஃபெக்டரித் தையல்."

"ஃபெக்டரித் தையல்தான்," என்றாள் றமீலா. "எட்டு வருஷம் கார்மண்ட்ல சாம்பிள் ரூம்ல ஈந்த நான். இன்சுக்குப் பதினெட்டு. எண்ணினீங்க தானே. என்ட மகள் வீடியோவ காட்டின."

"துணி?"

"பாவாடையில மூணு அடுக்கு. ஒண்ண உருவினா ரெண்டு கையும் கழுத்தும் வரும். நீங்க அதையும் சென்னீங்க. கொம்பனி கொறச்சிட்டாங்கண்டு." அவள் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். "இங்க உம்மாமார் புள்ளைகளுக்கு வாங்க வந்தா, வடிவான பொம்மதான், தோள்பட்ட தெரியுது வேணாண்டு வெச்சிட்டுப் போறாங்க. நாநாட சரக்கு அப்பிடியே கெடந்திச்சி. நான்தான் கை போட்டேன். இப்ப பெருநாளைக்கு மடவளையில பாதி வீட்டுல இவதான் ஈக்கிறா."

உலகத்தில் அரிய பதிப்பென்று அவர் பட்டியலில் ஏற்றியது மடவளையில் பாதி வீட்டில் இருந்தது. ஒரு தடவைகூட அவருக்கு அது தோன்றவில்லை. கையில்லாத சட்டையைப் பார்த்து ஒரு தாய் பொம்மையைத் திருப்பி வைப்பாள் என்பது, எத்தனையோ தடவை இந்தக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அவர் பார்த்ததெல்லாம் நூலையும் சாயத்தையும்தான். எண்ணியதெல்லாம் சரி. ஆளை மட்டும் தப்பாகப் பிடித்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் பிழயா சென்னீங்க," என்றாள் றமீலா. "அக்குள்ல இழுக்குதாம். ஒரு புள்ளி வெட்டிட்டீங்க."

"இழுக்குது."

"இழுக்கத்தான் வெட்டின. கைய முழுக்கத் தூக்கினா சட்ட மேல போய் வயிறு தெரியும். அதுக்குத்தான் அங்க நிக்கிது."

ராஜலிங்கம் பேசினிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து, மேற்பாகத்தின் விளிம்பைத் தோளோடு பிடித்துக்கொண்டு கையை உயர்த்திப் பார்த்தார். பாவாடையோடு சேர்த்துத் தைக்காத மேற்பாகம் இடுப்பைவிட்டு ஏறியது. அவள் சொன்னது சரி. "காரணம் இருக்கு," என்றார். "ஆனா இழுக்குது."

"அல்லாவே, பிடிவாதத்தப் பாருங்க," என்றாள் அவள் அண்ணனிடம்.

மஹ்மூத் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். "தம்பி, பொய் சொல்லுங்கண்டு நான் சொல்லல்ல. ஒண்ணும் சொல்ல வேணாம். கேக்கிறவங்களுக்கு இவ தச்சிக் குடுப்பா. ஒங்கட பேரும் நிக்கும். யாருக்கு நட்டம்?"

ராஜலிங்கம் பொம்மையைப் பேசினில் வைத்தார். "யோசிச்சுச் சொல்றேன் நாநா," என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கமலாசனியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போறேல்லை," என்றாள்.

"றமீலாவுக்குத் தெரியும்."

"அவ சொல்லமாட்டா. சொன்னாலும் ஆர் நம்பப் போயினம்? நீங்கள் சொன்னதைத்தானே சனம் நம்பும்." கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப இராசமணிக்கு என்ன சொல்லப் போறியள்? ஒன்பது வருசமா எனக்கு உந்த மலைக்காரியின்ரை கதைதான். நித்திரையிலயும் அவள்தான். இப்ப கைக்கு வரேக்கை விடப்போறியளோ?"

ராஜலிங்கம் அலுமாரியின் மூன்றாம் தட்டைப் பார்த்தபடி நின்றார். நல்லவனாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அதிகம் கிடையாது. ஆய்வகத்தில் பொருந்தாத பல் செட் திரும்பி வரும்போது, நோயாளி பழகிக்கொள்வார் என்று சொல்கிற ஆட்கள் உண்டு. அவர் சொல்லமாட்டார். கருணையால் அல்ல. பொருந்தாத ஒன்று தன் பெயரில் ஒருவர் வாய்க்குள் கிடந்து ஈறைக் கடித்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அவருக்குப் பிடிக்காது. வாங்கி, எங்கே இடிக்கிறது என்று பார்த்து, ராவித் தருவார். இதுவும் அப்படித்தான். பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். ஒன்பதும் சரியான புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிக்கு உரியவள் மடவளையில் திரைக்குப் பின்னால் இருக்கும்போது, முகம் தெரியாத ஒரு கொம்பனிக்குப் போட்டிருந்தார்.

கண்ணாடிமலைக்காரியின் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தார். இராசமணி மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்து அனுப்பியிருந்தாள். உதட்டுச் சாயம் மயிரளவும் விலகவில்லை. இப்படி ஒன்றை அவர் கண்டதேயில்லை. படத்தை மூடிவிட்டு, அங்கேயே நின்றபடி அவளுக்கு எழுதினார். சட்டைக்கை கொம்பனி தைத்ததல்ல, மடவளையில் றமீலா என்பவர் தைத்தது, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், இது தெரிந்த பிறகும் உங்களுக்கு வேண்டுமென்றால் தருகிறேன், வேண்டாமென்றாலும் குறை நினைக்கமாட்டேன். கடைசி வரி பொய் என்று தோன்றியதால் அதை அழித்துவிட்டு அனுப்பினார். பட்டியல் வைத்திருப்பவர்களுக்கும் அதையே எழுதினார். திங்கட்கிழமை அவருடைய பெயர் இருந்த வரியின்மேல் ஒரு கோடு விழுந்தது. ஒஸ்லோவிலிருந்து வாரம் முழுக்கப் பதிலில்லை.

அடுத்த ஞாயிறு காலை, றமீலா தைப்பதைப் படம் எடுக்க அவரும் கமலாசனியும் மடவளைக்குப் போனார்கள். றமீலா இரண்டு நிபந்தனை வைத்தாள். முகம் படத்தில் வரக்கூடாது. அக்குள் பற்றிச் சொன்னதை அவர் வாபஸ் வாங்க வேண்டும்.

"முகம் வராது," என்றார் ராஜலிங்கம். "அக்குள வாபஸ் வாங்க முடியாது. ஏன் இழுக்குதுன்னு நீங்க உங்க வாயால சொல்லுங்க. பார்க்கிறவங்க புள்ளி போடட்டும்."

அவள் யோசித்தாள். "நீங்க போடுற புள்ளி?"

"ஒன்பதுதான்."

"அரை கூட்ட ஏலாதா?"

"ஏலாது."

"சரியான கல்லுளிமங்கன்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கமலாசனி கைப்பேசியைச் சரித்துப் பிடித்து, றமீலாவின் கைகளும் மேசையும் மட்டும் வரும்படி நின்றாள். ராஜலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டு கிழமைக்கு முந்தி நான் இதக் கொம்பனி தைச்சதுன்னு சொன்னேன். பிழை. இது இந்தக் கையால தைச்சது. எப்படித் தைக்கிறாங்கன்னு இப்ப பாருங்க."

றமீலா பேசினிலிருந்து ஒரு முள்வேலி அரசியை எடுத்தாள். இடது கையால் உடம்பைப் பிடித்து, வலது கையால் தலையை ஒரே இழுப்பில் கழற்றினாள். டக்கென்று ஒரு சத்தம். ராஜலிங்கத்தின் முதுகு நிமிர்ந்தது. கழுத்து முளை கிழிந்தால் பொம்மைக்கு உயிர் போன மாதிரி. சேர்ப்பவர் எவரும் செய்யாத காரியம். அவள் தலையைப் பக்கத்திலிருந்த தேநீர்ச் சாசரில் வைத்தாள். "தல ஈந்தா கழுத்து ஒழுங்கா வராது," என்றாள் கைப்பேசியின் பக்கம் திரும்பாமலே. அடுத்ததை எடுத்தாள். அதுவும் டக். மூன்றாவதும். ஒரு முளைகூடக் கிழியவில்லை.

அப்போது கைப்பேசி அதிர்ந்தது. திரையின் மேல்விளிம்பிலிருந்து ஒரு செய்திப் பட்டை இறங்கி, தலையில்லாத கழுத்தின்மேல் நின்றது. கமலாசனி அதில் இருந்த பெயரைப் பார்த்தாள். அவள் புருவம் ஒரு கணம் உயர்ந்ததை ராஜலிங்கம் பார்த்துவிட்டார்.

"ஒஸ்லோவா? என்ன சொல்லுது?"

அவள் கட்டைவிரலால் பட்டையை மேலே தள்ளினாள். "பிறகு பாப்பம். நீங்கள் கதையுங்கோ."

அவர் கண்ணைக் கைப்பேசியிலிருந்து எடுத்து றமீலாவின் விரல்களில் வைத்தார். றமீலா பாவாடையின் மூன்றாம் அடுக்கை இரண்டு விரலால் பற்றி உருவினாள். கரும்பச்சை வலை அவள் மடியில் விழுந்து விரிந்தது. சாசரில் மூன்று தலைகள். ஒன்று கூரையையும், ஒன்று தெருவையும், ஒன்று அவரையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஊசி துணிக்குள் இறங்கியது.