தடியனை நீக்குவது எப்படி

உலகத்தில் எங்காவது ஒரு நூலகத்தில் யாராவது ஒரு குறிப்பிட்ட பெயரை அழித்தால், இங்கே ஒரு மனிதர் கொஞ்சம் இளைத்தார். அவர் மனைவி நூலகர். நூலகங்களுக்கென்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதிய இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதன் விளக்கங்கள் ஒரு விக்கியில் இருந்தன. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ‘உறுப்பினரை நீக்குவது எப்படி’ என்ற பக்கத்தை எழுதியது அவள்தான். உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்து, செல்லமாகக் கூப்பிடுகிற ‘தடியன்’ என்பதையே போட்டாள். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

விளக்கத்தை யார் முழுசாகப் படிக்கிறார்கள்? உதாரணத்தை அப்படியே தட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தடியனை நீக்க நீக்க, இங்கே இவருக்குத் தொப்பை கரைந்தது. முதலில் சந்தோஷம்தான். “நடக்காம கொள்ளாம இளைச்சுட்டேன், பாத்தீங்களா?” என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். பிறகு மோதிரம் கழன்றது, நிழல் வெளுத்தது, சுவர்க் காலண்டரின் தேதி அவர் வழியாகவே தெரிந்தது. வைத்தியர் தன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பக்கத்தை அதிகம் பேர் பார்த்த நாளில்தான் அதிகம் இளைக்கிறார் என்பது ஒருவழியாக அவளுக்குப் பிடிபட்டது. பெயரை மாற்றினாள். பழகிய உதாரணம் என்று யாரோ ஒரு புண்ணியவான் பழையபடி ஆக்கினார். மறுபடி மாற்றினாள், மறுபடி ஆக்கினார்கள். உரையாடல் பக்கத்தில், “அவர் என் புருஷன், விட்டுடுங்க” என்று எழுதினாள். சொந்த விஷயம் இங்கே வேண்டாமென்று பதில் வந்தது. ஓட்டெடுப்பு நடத்தி, இனி அவள் தொட முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகை பக்கத்து வீடு வரை கேட்டது.

அப்புறம் ‘உறுப்பினரைச் சேர்ப்பது எப்படி’ என்று இன்னொரு பக்கம் எழுதி, அதிலும் தடியனையே போட்டாள். அதை ஒருத்தரும் திருத்தவில்லை, படிக்கவும் இல்லை. சேர்க்கிறதுக்கு யாருக்கு விளக்கம் வேண்டியிருக்கிறது?

அந்த உதாரணத்தை அவள் ஒருத்திதான் தட்டுகிறாள், வருஷக்கணக்காக. காலையில் தட்டி முடித்ததும், நாற்காலியில் விரித்துப் போட்ட சட்டைக்குள் அவர் வந்து உட்காருகிறார். காப்பியை எடுத்து ஊதி ஊதிக் குடிக்கிறார். “இன்னிக்கு எங்கயோ லைப்ரரிய சீக்கிரமே தொறந்துட்டாங்க போல” என்று கோப்பையைச் சிந்தாமல் கீழே வைக்கிறார். சட்டை தளர்ந்து விழுகிறது. மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்புகிறாள்.