சதுர பிராக்கெட்

பாடியில் ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் உலர்த்தும் அடுப்புகள் இரண்டும் ஒன்றாக நின்றுபோயின. காரணம் ஒரு பிராக்கெட். எந்த அடுப்பு எந்தக் குழுவில் என்று எழுதவும், எவ்வளவு சூட்டில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதவும், மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஒரே சாதா வளைவு பிராக்கெட்தான் இருந்தது. ஆபரேட்டர் நிபந்தனையை மூடுவதாக நினைத்துக் குழுவை மூடிவிட்டார்.

மென்பொருளைச் செய்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. குழுவுக்கு வேறு குறி தேர்ந்தெடுக்கும் வேலை ஸ்வாதிக்கும் ஹேமநாதனுக்கும் வந்தது. கரூரிலிருந்து வந்து ஆவடியில் குடியிருந்த ஸ்வாதிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

"ஃப்ளவர் பிராக்கெட் போட்டுடலாம் சார். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க."

"வேணாம்மா, சதுரம் போடு," என்றார் ஹேமநாதன். மென்பொருளை முதலில் எழுதியவர் அவர்தான்.

"ஏன் சார்?"

"சதுரம்னா சதுரம். வுடு."

வீம்பு என்று நினைத்தாள். ஃப்ளவர் நன்றாகவே தெரிகிறது என்று காட்ட, மறுநாள் இரண்டும் கலந்த மாதிரிக் கோப்பு ஒன்றைத் திரையில் காட்டி வாசிக்கச் சொன்னாள். ஃப்ளவர் பிராக்கெட் இருந்த இடத்தில் அவர் 'சாதா' என்றார். எழுத்தைப் பெரிதாக்கினாள். அப்போதும் 'சாதா'தான். ஸ்வாதி திரையை விட்டு அவரைப் பார்த்தாள்.

"சுகரும்மா. கண்ணுல எறங்கிடுச்சு," என்றார் தணிந்த குரலில். "முதலாளியாண்ட சொல்லிடாத."

அவள் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கண்ணுக்காக எல்லாருக்கும் ஒரு குறியை முடிவு செய்யலாமா என்று குழம்பினாள். மாதிரியை எடுத்துக்கொண்டு பாடிக்குப் போனாள். அங்கே ஆபரேட்டர்கள் கோப்பைத் திருத்துவது அடுப்புக்குப் பக்கத்தில், தூசி படிந்த சின்னத் திரையில்.

"இன்னா மேடம், ரெண்டும் ஒரே மாரி வளைஞ்சிகினு கீது?" என்றார் ஆபரேட்டர் கோவிந்தராஜ். இன்னொருவரும் தடுமாறினார். சதுரத்தைக் காட்டியபோது யாரும் தப்பாக வாசிக்கவில்லை.

முதலாளி ராஜசேகரன் கூட்டிய மீட்டிங்கில் ஸ்வாதி இதைச் சொல்ல ஆரம்பித்தாள். ஹேமநாதன் குறுக்கிட்டார்.

"எனக்கே தெரியல சார். சாதாவும் ஃப்ளவரும் கலந்து வந்தா பிரிச்சுப் பாக்க முடியல. கண்ணு போயிகினு கீது."

பிறகு சதுரமே முடிவானது.

அவருடைய நிரல் வேலை ஸ்வாதிக்கு மாறியது. அவர் கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களுடன் போனில் பேசும் வேலைக்குப் போனார். சில வாரங்கள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மதியம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பிராக்கெட்ட மூட மறந்தா தப்பு எந்த வரில காட்டுது?"

"கடைசி வரில சார்."

"தொறந்த வரில காட்டும்மா. ஆபரேட்டருங்க அங்கதான் தேடுவாங்க."

அன்றே மாற்றி எழுதினாள்.